பாதியில் நிற்கும் பழைய கார்: முழுசா விற்பதா, பிரித்து விற்பதா?

ஷெட்டில் நாலு செங்கல் அடுக்கின் மேல் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்ஜின் தனியே ஒரு மூலையில் டயர் மேல் உட்கார்ந்திருக்கிறது. சீட் மொட்டை மாடி ரூமில், கண்ணாடி கட்டிலுக்கு அடியில், நட்டு போல்ட் எல்லாம் ஒரு பெயின்ட் டப்பாவில். டிங்கர் ஒரு பக்கக் கதவை முடித்துவிட்டு வேறு வேலைக்குப் போய் வருஷம் ஆறாகிவிட்டது. இப்போது வீட்டை இடித்து ஃபிளாட் கட்டப் போகிறார்கள், இடம் காலியாக வேண்டும்.

விற்கப் போகிறோம் என்று வாயைத் திறந்த வாரமே போன் வரும். “சார், டெயில் லாம்ப் கண்ணாடி மட்டும் கொடுப்பீங்களா?” என்பார் ஒருவர். இன்னொருவருக்கு ஸ்டீயரிங்கும் மீட்டரும் போதும். கேட்கும் விலையும் நன்றாகவே இருக்கும். அந்த நேரத்தில் கொடுத்துவிடாதீர்கள். முதலில் கேட்கப்படும் சாமான்தான் வெளியில் கிடைக்காத சாமான், அது இருப்பதால்தான் உங்கள் கார் முழு கார். அதைக் கழற்றிக் கொடுத்த நிமிஷத்தில் பிரித்து விற்பதென்ற முடிவு உங்களைக் கேட்காமலே எடுக்கப்பட்டுவிடும். பிறகு முழுசாக வாங்க வருபவர் பார்க்கும் முதல் ஓட்டையும் அதுவாகத்தான் இருக்கும்.

ஆகவே ஒரு சாமானைத் தொடுவதற்கு முன்னால் நாலு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இருக்கிறபடி முழுசாக விற்பது ஒன்று. கொஞ்சம் செலவு செய்து தேற்றி முழுசாக விற்பது இரண்டாவது. பிரித்து சாமான் சாமானாக விற்பது மூன்றாவது. இரும்பு விலைக்குத் தள்ளிவிடுவது நாலாவது. எது சரி என்பதை மூன்று விஷயம் தீர்மானிக்கும்: பேப்பர், இரும்பு, காரின் வகை. அதே வரிசையில் பார்ப்பது நல்லது. பேப்பர் இல்லாத காருக்கு மற்ற இரண்டும் பெரிதாகக் கை கொடுக்காது.

பேப்பர் உயிரோடு இருக்கிறதா?

ஆர்.சி. புக்கைக் கையில் எடுங்கள். அதில் இருக்கும் சேசிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் வண்டியில் அடித்திருக்கும் நம்பரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பெயின்டும் துருவும் மூடியிருந்தால் கம்பி பிரஷ்ஷால் உரசாதீர்கள், வெட்டு தேய்ந்துவிடும். தின்னரில் நனைத்த துணியால் துடைத்து, மெல்லிய தாளை மேலே வைத்து, பென்சிலின் பக்கவாட்டால் மெதுவாகத் தேய்த்தால் நம்பர் தாளில் எழும்பும். ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்பதும் இதே பென்சில் பதிவுதான். நாலு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாங்குபவரிடம் முதல் நாளே காட்டினால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

ஆர்.சி. இறந்துபோன அப்பா பேரில் இருந்தால் ஃபாரம் 31, வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் வேண்டும். புக் தொலைந்திருந்தால் போலீஸ் புகார் கொடுத்து ஃபாரம் 26-ல் நகல் வாங்க வேண்டும். 1970-களில் வாங்கிய கடன் இன்னும் ஆர்.சி.யில் அடமானமாக நின்றால் ஃபாரம் 35-ம் கடன் கொடுத்த இடத்தின் கடிதமும் தேவை. அந்த பேங்க் வேறொன்றோடு இணைந்திருந்தால் இணைந்த பேங்கின் கிளையில் கேளுங்கள். எம்.எஸ்., எம்.டி., டி.எம். என்று தொடங்கும் பழைய நம்பர்கள் பலவும் கம்ப்யூட்டரில் ஏறியிருக்காது. அரசின் வாகனப் பதிவுத் தளமான வாஹனில் தேடினால் வராவிட்டால், பதிவு செய்த ஆபீஸில் பழைய ரெஜிஸ்டரைப் பார்த்து ஏற்றச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும். இதற்குச் சில மாதங்கள்கூட ஆகலாம். எல்லாவற்றுக்கும் முன்னால் தொடங்க வேண்டிய வேலை இதுதான்.

பதிவு காலாவதியாகியிருப்பது வேறு விஷயம். காரின் பதிவு 15 வருஷம் செல்லும், பிறகு ஐந்தைந்து வருஷமாக ஃபாரம் 25-ல் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்க வண்டியை இன்ஸ்பெக்டரிடம் ஓட்டிக் காட்ட வேண்டும். செங்கல் மேல் நிற்கும் வண்டிக்கு அது நடக்காது. ஆகவே காலாவதி என்பதற்காக யாரும் காரைப் பிரிக்க வேண்டியதில்லை, ரெஸ்டோர் செய்து முடிக்கிறவர் புதுப்பித்துக்கொள்வார். ஆனால் அவருக்கு ஆகும் செலவைத் தெரிந்துகொண்டு பேரம் பேசுங்கள். 15 வருஷம் தாண்டிய காருக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆனது. 20 வருஷம் தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். தாமதக் கட்டணமும் பசுமை வரியும் தனி.

50 வருஷம் தாண்டிய காருக்கு இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. 2021 ஜூலையில் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் கடந்த, அசல் நிலையில் உள்ள இருசக்கர, நாலுசக்கர வண்டிகளை விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய நம்பரை வைத்துக்கொள்ளலாம். தினப்படி ஓட்டவும் வாடகைக்கு விடவும் முடியாது. இதில் கவனிக்க வேண்டிய நிபந்தனை: சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. எழுபது, எண்பதுகளில் பெட்ரோல் மிச்சம் பிடிக்க டீசல் இன்ஜின் ஏற்றப்பட்ட அம்பாசடர், ஃபியட் எல்லாம் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகின்றன.

பேப்பர் சுத்தமாக இல்லை, வழியும் இல்லை என்றால் முழுசாக விற்கும் யோசனையை விட்டுவிடலாம். பேப்பர் இல்லாத காரை ரெஸ்டோர் செய்து என்ன பயன், ரோட்டில் இறக்க முடியாதே. இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். “வண்டி வேண்டாம் சார், ஆர்.சி. மட்டும் கொடுங்க” என்று கேட்பவர்கள் உண்டு. வேறொரு வண்டிக்கு அந்த நம்பரை மாட்டத்தான் அந்தக் கேள்வி. எவ்வளவு கொடுத்தாலும் கொடுக்காதீர்கள். சேசிஸ் நம்பர் அடித்த துண்டை வெட்டிக் கொடுப்பதும் அதே குற்றம்தான்.

ஸ்க்ரூ டிரைவர் சொல்லும் செய்தி

சென்னைக் காற்றில் உப்பு இருக்கிறது. பெசன்ட் நகர், திருவான்மியூர், எண்ணூர்ப் பக்கம் திறந்த ஷெட்டில் பத்து வருஷம் நின்ற காரையும், அம்பத்தூரில் மூடிய ஷெட்டில் நின்ற காரையும் ஒரே கண்ணால் பார்க்கக் கூடாது. பெயின்டைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. கீழே படுத்து, நடுத்தர ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று கேட்கும், துரு தின்ற தகடு மண்பானை மாதிரி மொத்தென்று கேட்கும். மொத்தென்ற இடத்தில் முனையை அழுத்துங்கள். உள்ளே போனால் அந்த இடம் இல்லை என்று அர்த்தம். ஒரு சின்ன காந்தத்தைத் துணியில் சுற்றி பாடி மேல் நகர்த்தினால் பட்டி பூசிய இடங்களில் பிடிப்பு விடும்.

ஹெரால்டுக்குத் தனி சேசிஸ் உண்டு, பாடி அதன் மேல் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறது. இது விற்பவருக்கு நல்ல செய்தி. பாடி கெட்டாலும் சேசிஸ் நன்றாயிருந்தால் கார் உயிரோடுதான் இருக்கிறது. சேசிஸிலிருந்து இரண்டு பக்கமும் நீளும் கைகளையும், டிக்கிக்கு அடியில் போகும் பகுதியையும் தட்டிப் பாருங்கள், நீர் தங்குவது அங்கேதான். அம்பாசடர், ஃபியட், மோரிஸ் மைனர் போன்றவற்றில் பாடியே எலும்பு. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி, தரை, பின் ஸ்பிரிங் பட்டை மாட்டும் இடம் இவை போனால் முதுகெலும்பு போன மாதிரி. ஒரு சோதனை போதும். முன்கதவை மூடி, இடைவெளியைக் கண்ணால் அளந்துகொண்டு, ஜாக்கி மாட்டும் இடத்தில் தூக்குங்கள். கார் தூக்கும்போது கதவின் மேல் மூலையில் இடைவெளி மாறினாலோ, தூக்கிய நிலையில் கதவு சிக்கினாலோ, நடுவில் வளைகிறது என்று பொருள். அதைச் சரிசெய்ய டிங்கரிங் செலவு காரின் விலையைத் தாண்டிவிடும். ரொம்ப அபூர்வமான மாடல் இல்லையென்றால் அது பிரிக்க வேண்டிய கார்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டியா என்பதை வாங்குபவர் கட்டாயம் கேட்பார். அதற்கு முன் நீங்களே பாருங்கள். ஹெட்லைட்டைக் கழற்றினால் அதன் கிண்ணத்துக்குள், கதவு அட்டைக்குப் பின்னால், சீட் ரெயிலுக்கு அடியில் மெல்லிய களிமண் படிந்திருக்கும். மூழ்கிய வண்டி என்றால் அப்படியே சொல்லிவிடுங்கள். பிறகு கண்டுபிடித்தால் விலை இறங்குவதோடு நிற்காது, ஆளே போய்விடுவார்.

எந்த கார் என்பதுதான் கணக்கையே மாற்றுகிறது

ஹெரால்டு நம்ம ஊர் கார். பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலையில் 1961-லிருந்து செய்தார்கள். 948 சி.சி. இன்ஜின், முன்பக்கம் கீல் வைத்து மொத்தமாகத் திறக்கும் பானட், பின்னால் குறுக்கு ஸ்பிரிங் பட்டை. மூலம் இங்கிலாந்தின் ட்ரையம்ப் ஹெரால்டு. அதனால் இன்ஜின், பிரேக், ஸ்டீயரிங் சாமான்கள் பலவும் இன்றும் இங்கிலாந்தில் புதிதாகச் செய்யப்படுகின்றன, வரவழைக்கலாம். ஆனால் 1968-ல் வந்த நாலு கதவு மார்க் 3 இந்தியாவில் மட்டுமே செய்யப்பட்டது. அதன் பின்கதவு உலகத்தில் வேறெங்கும் கிடைக்காது. 1972-ல் வந்த கேசல் மாடலும் அப்படித்தான். ஆகவே மார்க் 3-ஐயும் கேசலையும் பிரிப்பதைக் கடைசி யோசனையாக வைத்துக்கொள்ளுங்கள். பிரித்தே ஆகவேண்டும் என்றால் நாலு கதவு, அவற்றின் கண்ணாடி, பின் விளக்கு, கிரில் இவை முதல் மரியாதைக்குரியவை. இன்ஜினுக்குக் கிடைப்பதைவிட நல்ல நாலு கதவுக்கு மதிப்பு அதிகம்.

ஹெரால்டில் வாங்குபவர் கட்டாயம் பார்க்கும் ஒரு சாமானை நீங்களும் பார்த்து வைக்க வேண்டும். முன்சக்கரத்தின் கீழ் முனையில் ட்ரனியன் என்றொரு பித்தளைத் துண்டு, செங்குத்து இரும்புத் தண்டின் மரையில் திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரையில்தான் சக்கரம் சுழல்கிறது. அதற்கு கியர் ஆயில், அதாவது ஈ.பி. 90, போட வேண்டும். நம் பட்டறைகளில் பழக்க தோஷத்தில் கிரீஸ் அடித்துவிடுவார்கள். கிரீஸ் காய்ந்து கட்டியானதும் தண்ணீர் உள்ளே புகுந்து இரும்பு மரையைத் தின்னும். ஒரு நாள் வளைவில் தண்டு முறிந்து சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கும். சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் விளம்பரத்தில் எழுதிவிடுங்கள். அந்த ஜோடி புதிதாகக் கிடைக்கிற சாமான்தான், மறைத்தால்தான் பிரச்சினை.

அம்பாசடர் கதை வேறு. 1957-ல் தொடங்கி 2014 வரை உத்தர்பாராவில் செய்த கார். 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் சென்னையின் பழைய கார் சாமான் சந்தையான புதுப்பேட்டையில் இன்னும் பஞ்சமில்லை. அதனாலேயே எண்பது, தொண்ணூறுகளின் அம்பாசடரைப் பிரித்தால் கைக்கு ஒன்றும் தேறாது. எல்லோரிடமும் இருக்கும் சாமானுக்கு யார் விலை கொடுப்பார்? அது பேப்பர் நன்றாயிருந்தால் முழுசாக, இல்லையென்றால் மொத்த விலைக்கு ஒரே வியாபாரியிடம். முதல் மார்க்கும் மார்க் 2-ம் விதிவிலக்கு. அவற்றின் கிரில், டேஷ்போர்டு, மீட்டர், பின் விளக்கு, அசல் ஸ்டீயரிங் ஆகியவை ரெஸ்டோர் செய்கிறவர்கள் வருஷக்கணக்கில் தேடும் சாமான்கள். அந்த வண்டி முழுசாக இருந்தால் முழுசாகவே போகட்டும்.

ஃபியட்டிலும் இதே பிரிவினைதான், ஆனால் கோடு இன்னும் கூர்மை. முன்கதவு பின்பக்கம் கீல் வைத்துத் திறக்கும் ஐம்பதுகளின் மில்லிசென்டோ வேறு வகுப்பு. 1974-லிருந்து வந்த பத்மினி வேறு வகுப்பு. பத்மினி சாமானுக்குப் பெரிய கிராக்கி கொடுத்துவந்தது மும்பை டாக்சிகள். கடைசி பத்மினி டாக்சி 2023 அக்டோபரில் அங்கே ஓய்ந்தது. இப்போது ஓடும் வண்டி குறைவு, கழற்றிய சாமான் அதிகம். பத்மினியைப் பிரித்தால் 1089 சி.சி. இன்ஜின் விற்கவே மாதங்கள் ஆகும். ஆனால் ஓடுகிற பத்மினியை ஆசையாகத் தேடும் இளைஞர்கள் கூட்டம் ஒன்று உருவாகியிருக்கிறது. ஆகவே பத்மினிக்குத் தேற்றி விற்பதே என் முதல் தேர்வு.

எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் 1949-லிருந்து பூட்டிய ஆஸ்டின் ஏ40-க்கும், மோரிஸ் மைனர் போன்றவற்றுக்கும் இங்கே சாமான் கிடைக்காது, வெளிநாட்டில் மைனருக்கு ஏராளம். இவற்றைப் பிரிக்கவே வேண்டாம். அரைகுறையாக இருந்தாலும் முழுசாக வாங்கிக்கொள்ள சென்னையிலும் கோவையிலும் கேரளத்திலும் ஆள் உண்டு.

கொஞ்சம் தேற்றி விற்பது: எதற்குச் செலவு, எதற்குக் கூடாது

பெயின்டுக்குச் செலவு செய்யாதீர்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். புதுப் பெயின்ட் போட்ட பாதி காரைப் பார்த்தால் விஷயம் தெரிந்தவர் அடியில் என்ன மறைத்திருக்கிறார்கள் என்றுதான் யோசிப்பார். பிரைமர் அடித்த வெற்றுத் தகடு அதைவிட நம்பிக்கை தரும். குரோம் பூசுவது, சீட் தைப்பது, மேட் போடுவது எல்லாமும் வீண். அவையெல்லாம் வாங்குபவரின் ருசி.

செலவு செய்யத் தகுந்தது இரண்டே. இன்ஜின் சுற்றுகிறதா என்பது முதலாவது. வருஷக்கணக்காக நின்ற இன்ஜினில் பிஸ்டன் வளையம் சிலிண்டரோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். செல்ஃப் போட்டுப் பார்த்துவிடாதீர்கள். வளையம் உடையும், இல்லையென்றால் ரிங் கியர் பல் போகும். நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் ஆட்டோமேடிக் டிரான்ஸ்மிஷன் ஆயிலும் (ஏ.டி.எஃப்.) அசிட்டோனும் சரிபாதி கலந்து 30 மில்லி ஊற்றி, துணியால் ஓட்டைகளை மூடி நாலு நாள் விடுங்கள். பக்கத்தில் நெருப்பு, பீடி எதுவும் கூடாது. பிறகு கிராங்க் புல்லி போல்ட்டில் ரிங் ஸ்பானர் மாட்டி முன்னும் பின்னும் மெதுவாக அசையுங்கள். ஒரே பக்கம் பலம் கொடுத்து இழுக்க வேண்டாம். அரை அங்குலம் அசைந்தாலும் போதும், இன்னும் கொஞ்சம் ஊற்றி மறுநாள் தொடருங்கள். முழுச் சுற்று வந்ததும் மிச்சக் கலவையைப் பிளக் ஓட்டை வழியாக வெளியே தள்ளி, ஆயில் மாற்றி, கம்ப்ரெஷன் கேஜ் வைத்து நாலு சிலிண்டரையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நாலும் நூறு பி.எஸ்.ஐ.க்கு மேலே, ஒன்றுக்கொன்று பதினைந்து பி.எஸ்.ஐ. வித்தியாசத்துக்குள் நின்றால் அந்தத் தாளே உங்கள் விலையை உயர்த்தும். ஒன்று மட்டும் படுத்திருந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்கவும். ஏறினால் வளையம், ஏறாவிட்டால் வால்வு. லேத்தில் ரீபோர் போட்டு, அதாவது சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க வேண்டுமா, ஹெட் வேலை மட்டும் போதுமா என்பது இதிலேயே தெரிந்துவிடும். அந்த வேலையை நீங்கள் செய்ய வேண்டியதில்லை, பதில் இருந்தால் போதும்.

இன்ஜினை ஸ்டார்ட் செய்து காட்ட ஆசைப்பட்டால் டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோலை நம்பாதீர்கள். அரக்கு மாதிரி கெட்டியாகி ஜெட்டை அடைக்கும். ஒரு லிட்டர் பாட்டிலில் புது பெட்ரோல் வைத்து நேராக கார்புரேட்டருக்குக் கொடுங்கள். இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் பைப்பையும் பம்ப் டயாஃபிரத்தையும் சீக்கிரமே இளக்கிவிடும், சூடான சைலன்சர் மேல் சொட்டினால் ஆபத்து. பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும்.

இரண்டாவது, எல்லாச் சாமானும் ஓரிடத்துக்கு வருவது. மாடி ரூம், கட்டிலடி, பெயின்டரின் பட்டறை, குரோம் பூசக் கொடுத்த கடை என்று சிதறியதை எல்லாம் ஷெட் தரையில் பழைய பெட்ஷீட் விரித்துப் பரப்பி, கார் எப்படி இருக்குமோ அதே வரிசையில் அடுக்கிப் போட்டோ எடுங்கள். பாதி காரை வாங்குகிறவருக்குப் பெரிய பயமே இல்லாத சாமான்கள்தான். “இவை இருக்கின்றன, இந்த ஏழு இல்லை” என்று எழுதிய பட்டியல் அந்தப் பயத்தை எண்ணிக்கைக்குள் அடக்கிவிடும். பெயின்டரிடம் போன பம்பர் திரும்பி வர வைப்பதற்கு அலைவது, ஒரு கோட் பெயின்டைவிட லாபமான வேலை.

பிரிப்பதென்று முடிவானால்

முதலில் ஒரு கணக்கு. எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். முழுசாக 90,000-க்குக் கேட்கிறார்கள். சாமான் சாமானாகப் பட்டியல் போட்டால் 1,80,000 வருகிறது. இந்த எண்ணைப் பார்த்துத்தான் எல்லோரும் ஸ்பானரை எடுக்கிறார்கள். முதல் வருஷத்தில் இதில் 60 சதவீதம் விற்றால் 1,08,000. கழற்ற உதவிக்கு ஓர் ஆள் எட்டு நாள், நாளுக்கு 1,200 வீதம் 9,600. பேக்கிங், லாரி ஆபீஸ், ஆட்டோ 8,000. சாமான் வைக்க ஓர் அறை மாதம் 2,000 என்றால் வருஷத்துக்கு 24,000. மிச்சம் 66,400. கடைசியில் கூட்டை 250 கிலோ என்று வைத்து கிலோ 25-க்குப் போட்டால் 6,250 சேர்ந்து 72,650. முழுசாக விற்றதைவிடக் குறைவு. சொந்த ஷெட் இருந்து வாடகை இல்லையென்றால் 96,650, அதாவது ஒரு வருஷ அலைச்சலுக்கு 6,650 ரூபாய். பிரிப்பது உண்மையில் லாபமாவது, முழு விலை ரொம்பவே இறங்கிப்போன காருக்கு, அதாவது பேப்பரோ முதுகெலும்போ போன, ஆனால் அபூர்வச் சாமான் நிறைந்த காருக்கு.

கழற்றும் வரிசையில் கண்ணாடிதான் முதல். மேலே வேலை நடக்கும்போது ஒரு ஸ்பானர் விழுந்தால் போதும், போய்விடும். முன்கண்ணாடியை உள்ளிருந்து காலால் தள்ளி எடுக்கும் பழக்கத்தை விடுங்கள். ரப்பர் ஐம்பது வருஷத்தில் கல்லாகியிருக்கும், கண்ணாடி மூலையில் விரிசல் விடும். ரப்பரைக் காப்பாற்ற நினைக்காமல் வெளிப்பக்க உதட்டைக் கூரான கட்டர் பிளேடால் சுற்றிலும் அறுத்து எடுத்தால் கண்ணாடி தானாகக் கையில் வரும், இன்னொருவர் வெளியே பிடித்துக்கொள்ள வேண்டும். ரப்பர் புதிதாகக் கிடைக்கும், கண்ணாடிதான் கிடைக்காது. எடுத்ததைப் படுக்க வைக்காமல் கம்பளி சுற்றி நிற்க வையுங்கள்.

அடுத்து குரோம் பீடிங், பேட்ஜ், கைப்பிடி, மீட்டர், ஹார்ன் வளையம், விளக்குகள். பீடிங்கை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் வளையும், வளைந்த பீடிங் தட்டி நேராவதில்லை. கதவு அட்டையைக் கழற்றி உள்ளிருந்து கிளிப்பை அமுக்கி விடுவிக்க வேண்டும். அசையாத ஸ்க்ரூவில் இரண்டு நாள் முன்பே துரு விடும் ஆயில் அடித்து வையுங்கள். வயரிங்கை வெட்டாதீர்கள். முழு வயரிங் மாலையாக எடுத்தால் புதிது கட்டுகிறவருக்கு அது மாதிரி, வெட்டினால் செம்பு விலை. ஒவ்வொரு சாமானோடும் அதன் நட்டு போல்ட்டைத் தனிக் கவரில் போட்டு அதிலேயே கட்டிவிடுங்கள்.

பிறகு கதவு, பானட், டிக்கி மூடி. அதன்பின் இன்ஜின், கியர் பாக்ஸ், ஆக்சில். இன்ஜினை வாங்குபவர் தன் ஆர்.சி.யில் இன்ஜின் மாற்றத்தைப் பதிய வேண்டியிருக்கும். இன்ஜின் நம்பர், எந்த வண்டியிலிருந்து எடுத்தது, தேதி எல்லாம் எழுதிய ரசீதில் இருவரும் கையெழுத்துப் போட்டு, உங்கள் ஆர்.சி. நகலையும் சேர்த்துக் கொடுங்கள். ரசீது இல்லாத இன்ஜின் திருட்டு இன்ஜினைப் போலத்தான் பார்க்கப்படும்.

புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ ஒரே வியாபாரிக்கு மொத்தமாகக் கொடுப்பதும் ஒரு வழி. விலை குறைவு, ஆனால் ஒரே நாளில் வேலை முடியும். அப்படிக் கொடுப்பதானால் பத்துப் பதினைந்து அபூர்வச் சாமான்களை முதலில் தனியாக விற்றுவிட்டு மிச்சத்தை மொத்தமாகக் கொடுங்கள். வியாபாரியும் அந்தப் பதினைந்துக்காகத்தான் மொத்த விலை சொல்கிறார் என்பதால், எது போய்விட்டது என்று முன்பே சொல்லிப் பேசுவதுதான் நியாயம்.

இரும்புக் கடை

பேரிச்சம்பழத்துக்குப் போடுவது என்பார்களே, அதுதான். இதை அடித்தள விலையாக வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 800 கிலோ ஹெரால்டு கிலோ 25 ரூபாய் என்றால் 20,000. எந்தப் பேரமும் இதற்குக் கீழே இறங்கக் கூடாது. தெருமுனைக் காயலான் கடையில் போட்டால் ஆர்.சி. உங்கள் பேரிலேயே உயிரோடு இருக்கும், அது நல்லதல்ல. அரசு அங்கீகாரம் பெற்ற வாகன ஸ்கிராப் மையத்தில் கொடுத்தால் டெபாசிட் சான்றிதழ் தருவார்கள். அடுத்த புது வண்டிக்குப் பதிவுக் கட்டணச் சலுகை அதில் கிடைக்கும், பழைய பதிவும் முறையாக ரத்தாகும். பிரித்து விற்ற காரின் மிச்சக் கூட்டுக்கும் பதிவை ரத்து செய்தாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 55-ன்படி, வண்டி இனி ஓடாது என்று 14 நாளுக்குள் எழுதிக் கொடுத்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும்.

கைமாறும் நாள்

முழுசாக விற்கும்போது சிக்கல் இங்கேதான். பதிவு காலாவதியான வண்டிக்குப் பெயர் மாற்றம் பெரும்பாலும் புதுப்பித்தலோடு சேர்ந்துதான் நடக்கும். வாங்கியவர் முடிக்க மூன்று வருஷம் ஆகலாம். அதுவரை ஆர்.டி.ஓ. ரெஜிஸ்டரில் உங்கள் பெயர். விபத்து நடந்தால் ரெஜிஸ்டரில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஆகவே விற்றதைத் தெரிவிக்கும் ஃபாரம் 29-ஐ இரண்டு பிரதியும், பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 30-ஐயும் அன்றே நிரப்பி இருவரும் கையெழுத்திடுங்கள். விற்ற தகவலை 14 நாளுக்குள் ஃபாரம் 29-ல் ஆர்.டி.ஓ.வுக்குக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வேறு மாநிலத்துக்குப் போனால் ஃபாரம் 28-ல் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) வேண்டும். டெலிவரி நோட்டில் தேதி மட்டும் போதாது, மணியும் இருக்கட்டும். “ஓடாத நிலையில், ரெக்கவரி வண்டியில் ஏற்றி அனுப்பப்பட்டது” என்று ஒரு வரி எழுதி, பென்சிலில் எடுத்த சேசிஸ் நம்பர் பதிவை அதிலேயே ஒட்டி, வாங்குபவரின் அடையாள அட்டை நகலோடு வைத்துக்கொள்ளுங்கள். சாமான் பட்டியலிலும் அவர் கையெழுத்து வேண்டும். பணம் பேங்க் வழியாகவே வரட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாஹன் தளத்தில் அந்த நம்பரைப் போட்டு, உரிமையாளர் பெயர் மாறிவிட்டதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள்.